குலசேகரன்பட்டினத்துக் கடலும் அண்டை நாடுகளின் அச்சமும்

1. முன்னுரை

திருச்செந்தூருக்குத் தெற்கே, மணப்பாட்டுக்கு வடக்கே, தேரி மணலும் பனைமரங்களும் சூழ அமைந்திருக்கும் கடற்கரை ஊர் குலசேகரன்பட்டினம். பாண்டியர் பெயரைத் தாங்கிய பழைய துறைமுகம் அது. 1942-ஆம் ஆண்டு 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தின்போது அங்குள்ள உப்பளத்தில் லோன் என்னும் அதிகாரி கொல்லப்பட்டதும், அதைத் தொடர்ந்த வழக்கில் இளைஞர் இருவருக்கு விதிக்கப்பட்ட தூக்குத்தண்டனை பின்னர் நீங்கியதும் விடுதலை வரலாற்றில் இடம்பெற்றவை. அதன்பின் ஏறத்தாழ எண்பது ஆண்டுகள், தசராத் திருவிழாக் காலத்தைத் தவிர, அவ்வூர்ப் பெயர் செய்தித்தாள்களில் அதிகம் அடிபடவில்லை. 2024-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள், இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் இரண்டாவது ஏவுதளத்துக்கு அங்கே அடிக்கல் நாட்டப்பட்டது. இரண்டாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் அதற்கென எடுக்கப்பட்டுள்ளது.

ஸ்ரீஹரிகோட்டாவில் ஓர் ஏவுதளம் இருக்கும்போது இந்தச் சிற்றூரைத் தேடி வந்தது ஏன்? விடை எளியது. வடதென் துருவங்களின் வழியே புவியைச் சுற்றும் செயற்கைக்கோளை ஏவ, ராக்கெட் தெற்கு நோக்கிப் பறக்கவேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே சென்றால் வழியில் இலங்கை குறுக்கிடுகிறது. எரிந்து கழன்ற பாகங்கள் அந்நாட்டு மக்கள்மீது விழலாகாது. ஆகவே ராக்கெட் முதலில் தென்கிழக்கே சென்று, இலங்கையைச் சுற்றியபின் திசை திரும்புகிறது. அத்திருப்பத்துக்கு எரிபொருள் செலவாகிறது. அச்செலவுக்கேற்பச் சுமக்கும் எடை குறைகிறது. சிறிய ராக்கெட்டுக்கு இது தாங்கமுடியாத இழப்பு. குலசேகரன்பட்டினத்திலிருந்து பார்த்தாலோ இலங்கை கிழக்கே இருக்கிறது. தெற்கே அண்டார்டிகா வரையில் கடலே பரந்துள்ளது.

ஆகவே, நம் கரையில் ஓர் ஏவுதளம் எங்கே அமையவேண்டும் என்பதை அண்டை நாட்டின் இருப்பிடமே தீர்மானித்தது. இது நிலவியல் உண்மை மட்டுமன்று. கடந்த எழுபத்தைந்து ஆண்டுகளில் தென்தமிழ்நாட்டுக் கரையில் நிகழ்ந்த பலவற்றையும் அண்டை நாட்டு உறவே தீர்மானித்திருக்கிறது. அடிக்கல் நாட்டு விழாவையொட்டி வெளிவந்த ஒரு விளம்பரத்தில் ராக்கெட்டின் படத்தின்மீது சீனக் கொடி காணப்பட்டதும் பெரும் பூசல் எழுந்தது. 'சீனா', 'இலங்கை' என்னும் சொற்கள் நம் சபையாரின் பேச்சில் எவ்வளவு உணர்ச்சியோடு கலந்துள்ளன என்பதை அது காட்டிற்று.

"இலங்கைக்கு இவ்வளவு உதவி செய்தும் அவர்கள் ஏன் சீனாவிடம் போகிறார்கள்?" என்று சபையார் கேட்கும்போது ஆயர் என்ன விடை சொல்வார்? நன்றிகெட்டவர்கள் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அது விடையாகாது. குடியேற்ற ஆட்சி நீங்கியபின் இவ்விரு நாடுகளுக்கிடையே நிகழ்ந்தவற்றை மூன்று கேள்விகளோடு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். யார் யாருக்கு அஞ்சினர்? யார் கையொப்பமிட்டனர்? யாரைக் கேட்காமல் அவ்வாறு செய்தனர்?

2. ஒரே கடல், இரண்டு அரசுகள்

மன்னார் வளைகுடா முற்காலத்தில் இரு கரை மக்களுக்கும் பொதுவான தொழிற்களமாக இருந்தது. தூத்துக்குடிப் பக்கத்து முத்துப்பார்களில் குளித்தவர்களே இலங்கையின் மன்னார்ப் பக்கத்துப் பார்களிலும் குளித்தனர். தூத்துக்குடித் தோணிகள் கொழும்புக்குச் சரக்கேற்றின. காயல்பட்டினத்து வணிகர் இரு கரைகளிலும் கடை வைத்தனர். போர்த்துக்கீசியரும் பின்னர் டச்சுக்காரரும் இரு கரைகளிலும் கோட்டை கட்டி, இக்கடலை ஒரே வருவாய்க் களமாக ஆண்டனர்.

ஆங்கிலேயர் 1796-இல் இலங்கையின் கரையோரப் பகுதிகளைக் கைப்பற்றியபோது, சென்னையிலிருந்தே அவற்றை ஆளத் தொடங்கினர். 1802-இல் இலங்கை முடியாட்சிக்குரிய தனிக் குடியேற்ற நாடாயிற்று. அப்பொழுதிலிருந்து இரு நாடுகளுக்கும் நிருவாகம் வேறு. ஆயினும் ஆண்டவர் ஒருவரே. கப்பற்படை ஒன்று, திருகோணமலைத் துறைமுகமும் சென்னைத் துறைமுகமும் அந்த ஒரே படைக்குரியவை. எனவே இடையிலுள்ள கடலில் எல்லை எதுவென்று தீர்க்கவேண்டிய கட்டாயம் எழவில்லை. காப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழ்நாட்டிலிருந்து இலட்சக்கணக்கான ஏழைகள் கொண்டுசெல்லப்பட்டபோதும், அவர்கள் எந்நாட்டுக் குடிகள் என்ற கேள்வியைக் கேட்பார் இல்லை.

ஆங்கிலேயர் நீங்கியபோது மூன்று கேள்விகளுக்கு விடையளிக்காமலே நீங்கினர். தோட்டத்தில் உழைக்கும் மக்கள் யாருடைய குடிகள்? கடலில் எல்லை எங்கே? திருகோணமலை போன்ற படைத்தளம் இனி யாருக்குப் பயன்படும்? இவ்விரு நாடுகளின் பிற்காலப் பூசல்களுள் பெரும்பாலானவை இம்மூன்றிலிருந்தே பிறந்தன. இது பண்டைப் பகைமையின் தொடர்ச்சி என்று கூறுவோர் இருபுறமும் உளர். ஆனால் பூசலின் பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், அவை பேரரசு ஒன்று விட்டுச்சென்ற தீராக் கணக்குகள் என்பது விளங்கும்.

3. சிறு நாட்டின் அச்சம்

இலங்கை 1948-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் விடுதலை பெற்றது. அதற்கு முன்னரே, 1947 நவம்பரில், பிரிட்டனோடு ஒரு பாதுகாப்பு உடன்படிக்கை செய்துகொள்ளப்பட்டது. அதன்படி திருகோணமலைக் கடற்படைத் தளத்தையும் கட்டுநாயக்கா விமானத் தளத்தையும் பிரிட்டன் தொடர்ந்து பயன்படுத்திற்று. விடுதலை பெறும் நாடு தன்னை ஆண்டவர்களையே காவலுக்கு ஏன் நிறுத்திக்கொள்கிறது என்று இந்தியாவில் பலர் வியந்தனர்.

காரணம் அருகிலேயே இருந்தது. 1945-இல் கே. எம். பணிக்கர் வெளியிட்ட 'இந்தியாவும் இந்தியப் பெருங்கடலும்' என்னும் நூல், இந்தியாவின் பாதுகாப்பு இப்பெருங்கடலைச் சார்ந்தது என்று வாதிட்டது. இந்தியர் அதனைத் தற்காப்புச் சிந்தனையாகக் கொண்டனர். கொழும்பிலிருந்து அதே கருத்தைக் கேட்டவருக்கோ, பெரிய வீட்டுக்காரர் சிறிய வீட்டின் முற்றத்தை அளக்கத் தொடங்கியதுபோல் தோன்றிற்று. இதனோடு இன்னொன்றும் சேர்ந்தது. தீவுக்குள் சிங்களர் பெரும்பான்மையினர். ஆனால் பாக் நீரிணைக்கு அப்பால் கோடிக்கணக்கான தமிழர் வாழ்கின்றனர் என்னும் எண்ணத்தால், பெரும்பான்மையினர் சிறுபான்மையினரைப்போல் அஞ்சினர். உள்நாட்டுத் தமிழரோ உண்மையாகவே சிறுபான்மையினர். அவர்களது அச்சத்துக்கு நாளுக்கு நாள் காரணம் மிகுந்தது.

அஞ்சும் சிறு நாடு என்ன செய்யும்? பெரிய அண்டை நாட்டைத் தவிர்த்துத் தொலைவிலுள்ள வல்லமையைத் துணைக்கு அழைக்கும். அத்துணை இன்னார்தான் என்பதில் அதற்குப் பெரும் பிடிவாதம் இருப்பதில்லை. முதலில் பிரிட்டன் துணையாயிற்று. 1952 டிசம்பரில் இலங்கை சீனாவோடு ரப்பர்–அரிசி ஒப்பந்தம் செய்தது. ஆண்டுதோறும் 50,000 டன் ரப்பருக்கு ஈடாக 2,70,000 டன் அரிசி பெறுவது அதன் சாரம். அப்போது கொழும்பில் ஆட்சியிலிருந்தது பொதுவுடைமையை வெறுத்த, மேலைநாடுகளைச் சார்ந்த கட்சி. சீனாவோடு தூதுறவும் அப்போது இல்லை. அமெரிக்கா சினந்து பொருளுதவியை நிறுத்திற்று. எனினும் மக்களுக்கு அரிசி வேண்டும், ரப்பருக்கு நல்ல விலை வேண்டும் என்ற தேவை கொள்கையை வென்றது. இலங்கை சீனாவை நாடியது இன்றைய புதுமை அன்று என்பதற்கு இதுவே சான்று.

எனினும் அச்சம் மட்டுமே இவ்வரலாறு அன்று. 1954 ஏப்ரலில் இந்தியா, இலங்கை, பர்மா, இந்தோனேசியா, பாகிஸ்தான் ஆகிய ஐந்து நாடுகளின் தலைவர்கள் கொழும்பில் கூடினர். அதிலிருந்தே 1955 ஏப்ரலில் 29 நாடுகள் கூடிய பாண்டுங் மாநாடு பிறந்தது. 1957-இல் பண்டாரநாயக்கா அரசு பிரிட்டிஷ் தளங்களைத் திரும்பப் பெற்றது. 1962-இல் இந்தியாவும் சீனாவும் போரிட்டபோது, சிறிமாவோ பண்டாரநாயக்கா அணிசேரா நாடுகள் ஆறினைக் கொழும்பில் கூட்டி, சமரச யோசனைகளோடு பீக்கிங்குக்கும் டில்லிக்கும் சென்றார். சீனாவைக் கண்டிக்கவில்லையே என்று இந்தியாவில் பலர் மனம் வருந்தினர். ஆனால் இரு பெரிய நாடுகளுக்கு நடுவே நின்று பேச ஒரு சிறு நாடு துணிந்ததே பெரிய செயல் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

4. கேளாமல் பங்கிடப்பட்ட மக்கள்

தலைநகரங்களின் நட்பும் ஏழைகளுக்குச் சுமையாகக்கூடும் என்பதற்கு மலையக மக்களின் வரலாறு சான்று. 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் அதையடுத்து வந்த சட்டங்களும் தோட்டத் தொழிலாளருள் மிகப் பலரை நாடற்றவராக்கின, வாக்குரிமையும் பறிபோயிற்று. அவர்கள் இலங்கையிலேயே வாழ்ந்து உழைப்பவர்கள், ஆகவே அவர்கள் இலங்கைக்குரியவர்கள் என்று நேரு கூறிவந்தார். அவருக்குப்பின் வந்த அரசுக்கோ, சீனப் போருக்குப் பிறகு, அண்டை நாடுகளின் நல்லெண்ணம் இன்றியமையாததாயிற்று.

இந்நிலையில் 1964-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. மொத்தம் 9,75,000 பேர் எனக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவது என்றும் முடிவாயிற்று. 1974-இல் அந்த எஞ்சியோரும் இரு நாடுகளுக்கும் பாதிப்பாதியாக, 75,000 பேர் வீதம், பிரிக்கப்பட்டனர். தாய் ஒரு நாட்டுக்கும் மகன் ஒரு நாட்டுக்கும் விண்ணப்பித்த குடும்பங்கள் உண்டு. பிறந்து வளர்ந்த மலையை விட்டு, தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பெயர் பதிந்து, 'தாயகம் திரும்பியோர்' என்று அழைக்கப்பட்டனர். அவர்களுள் பலர் அந்தத் தாயகத்தை அதற்குமுன் கண்டதே இல்லை. நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கின்றனர்.

இரு நாடுகளும் இதனை நல்லுறவின் வெற்றியாகக் கருதின. அவ்வாறு கருத அவற்றுக்குக் காரணம் இருந்தது. பதினாறு ஆண்டுப் பூசல் ஒரு தாளில் தீர்ந்தது. ஆனால் அத்தாளில் எண்ணாக இடம்பெற்றவர்களுள் எவரிடமும் ஒப்புதல் கேட்கப்படவில்லை. இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றோருக்கு அந்நாட்டுக் குடியுரிமையை அளிக்கும் சட்டம் 2003-இல்தான் வந்தது. விடுதலை பெற்று 55 ஆண்டுகளுக்குப் பின்னரே அக்கணக்கு ஒருவாறு முடிந்தது.

5. கடலில் இட்ட கோடு

அடுத்த கணக்கு கடல். 1974 ஜூன் மாத ஒப்பந்தம் பாக் நீரிணையில் எல்லை வகுத்தது. ஏறத்தாழ 285 ஏக்கர் பரப்புள்ள கச்சத்தீவு எல்லைக்கோட்டின் இலங்கைப் பக்கத்தில் அமைந்தது. மீனவரும் புனித அந்தோனியார் கோயிலுக்குச் செல்லும் யாத்திரிகரும் முன்போலவே கச்சத்தீவுக்குச் சென்றுவரலாம் என்று ஒப்பந்தம் கூறிற்று. அச்சொற்களுள் மீன்பிடி உரிமையும் அடங்குமா என்னும் வழக்கு இன்றளவும் ஓயவில்லை.

கச்சத்தீவைப் பற்றி நம்மிடையே பேச்சு மிகுதி. ஆனால் குலசேகரன்பட்டினத்துக்கு நேர் எதிரேயுள்ள கடலைப் பிரித்தது வேறோர் ஒப்பந்தம். 1976-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் நாள் கையெழுத்தான அது, மன்னார் வளைகுடாவிலும் வங்காள விரிகுடாவிலும் எல்லை வகுத்தது. கன்னியாகுமரிக்குத் தெற்கேயுள்ள 'வாட்ஜ் பாங்க்' என்னும் மீன்வளம் மிக்க கடல்மேடு இந்தியாவுக்கு உறுதியாயிற்று. அங்கே நெடுங்காலம் மீன்பிடித்த இலங்கைக் கப்பல்களுக்கு மூன்றாண்டுத் தவணை மட்டுமே தரப்பட்டது. உடன் பரிமாறப்பட்ட கடிதங்களோ, ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் தொழில் செய்யலாகாது என்று தடுத்தன. அந்நாளில் இந்தியாவில் நெருக்கடி நிலை நிலவிற்று. தமிழ்நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு கலைக்கப்பட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. இரு கரைகளிலும் மீனவரின் கருத்தைக் கேட்டு எழுதப்பட்ட ஒப்பந்தம் அன்று அது.

இங்கே நாம் நேர்மையோடு பேசவேண்டிய ஒன்று உண்டு. உள்நாட்டுப் போர்க்காலத்தில் இலங்கையின் வடபகுதித் தமிழ் மீனவர் நெடுங்காலம் கடலுக்குச் செல்ல இயலாதிருந்தனர். 2009-இல் போர் முடிந்து அவர்கள் மீண்டும் வலை வீசியபோது, நம் கரையிலிருந்து சென்ற விசைப்படகுகளின் இழுவலைகள் அவர்களுடைய வலைகளைக் கிழித்தன. கடலடியையும் வாரிச் சென்றன. 2017-இல் இலங்கை அம்மீன்பிடி முறையைச் சட்டத்தால் தடை செய்தது. நம் மீனவர் சிறைப்படுவதும், படகிழப்பதும், சுடப்பட்டு இறந்ததும் கண்ணீருக்குரியவை. அவற்றுக்கு நியாயம் கேட்பது நம் கடமை. ஆனால் எல்லைக்கோட்டுக்கு அப்பால் கிழிந்த வலையோடு நிற்பவனும் தமிழ் பேசும் ஏழையே. அவனை மறைத்துவிட்டு, இதனை இந்தியா–இலங்கைப் பகையாக மட்டும் சொல்வது அரைகுறை உண்மையாகும்.

6. வல்லரசுகளின் நிழலில்

1971-ஆம் ஆண்டு ஆசியாவின் அணிகளை மாற்றி அமைத்தது. ஜூலையில் அமெரிக்காவின் கிஸ்ஸிங்கர் இரகசியமாகப் பீக்கிங் சென்றார். ஆகஸ்டு 9-ஆம் நாள் இந்தியா சோவியத் யூனியனோடு நட்புடன்படிக்கை செய்தது. டிசம்பரில் வங்காளதேசப் போர் நிகழ்ந்தபோது அமெரிக்கக் கப்பற்படை வங்காள விரிகுடாவுக்கு வந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் இலங்கையில் மக்கள் விடுதலை முன்னணியின் கிளர்ச்சி எழுந்தபோது இந்தியா, பாகிஸ்தான் இரண்டுமே கொழும்பு அரசுக்கு உதவின. இந்திய வான்வழி மூடப்பட்டிருந்த காலத்தில், பாகிஸ்தான் விமானங்கள் கொழும்பு வழியாகப் பறக்க இலங்கை இடமளித்தது. டில்லி அதனை எளிதில் மறக்கவில்லை.

எனினும் அதே இலங்கையின் முயற்சியால், இந்தியப் பெருங்கடலை அமைதி மண்டலமாக அறிவிக்கும் தீர்மானம் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் நிறைவேறிற்று. அது நிறைவேறிய நாள் 1971 டிசம்பர் 16. டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்ததும் அதே நாள். அத்தீர்மானத்தை வல்லரசுகள் பொருட்படுத்தவில்லை.

1977-க்குப் பின் ஜெயவர்த்தனா அரசு மேலைநாடுகளின் பக்கம் சாய்ந்தது. திருகோணமலை எண்ணெய்க் கிடங்குகள் யாருக்கு, அமெரிக்க வானொலி நிலையம் எதற்கு என்னும் கேள்விகளால் டில்லி கலங்கிற்று. 1983 ஜூலையில் தமிழர்மீது நிகழ்ந்த கொடிய வன்செயல் இலட்சக்கணக்கானோரை ஏதிலிகளாக்கிற்று. தமிழ்நாட்டின் கொதிப்பும் டில்லியின் கலக்கமும் ஒன்றுசேர, ஈழப் போராளிக் குழுக்களுக்கு இந்திய மண்ணில் பயிற்சி அளிக்கப்பட்டது. துன்புற்ற தமிழர்மீதுள்ள பரிவும் வல்லரசுகளைப் பற்றிய கணக்கும் இதில் கலந்திருந்தன. எது எவ்வளவு என்று பிரித்துக் காண்பது எளிதன்று.

1987-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் நாள் கையெழுத்தான இந்திய–இலங்கை ஒப்பந்தம் இக்கலப்பை வெளிப்படையாகக் காட்டுகிறது. ஒப்பந்தத்தின் உடலில் தமிழர் வாழும் மாகாணங்களுக்கு அதிகாரம் வழங்கும் செய்தி உள்ளது. அதனோடு இணைந்த கடிதங்களிலோ, திருகோணமலை முதலிய துறைமுகங்கள் இந்திய நலனுக்கு மாறான படைப்பயனுக்கு விடப்படலாகாது என்பதும், எண்ணெய்க் கிடங்குகளும் அயல்நாட்டு வானொலி நிலையங்களும் பற்றிய உறுதிகளும் உள்ளன. கையொப்பமிட்டோர் இரு அரசுத் தலைவர்கள். தமிழ்ப் போராளிகளோ தமிழ்ப் பொதுமக்களோ அல்லர். அதன் விளைவு நாம் அறிந்ததே. அமைதி காக்கச் சென்ற இந்தியப் படை போரில் சிக்கிற்று. ஏறத்தாழ 1,200 இந்திய வீரரும், அவர்களினும் பெருந்தொகையான ஈழத் தமிழரும் மாண்டனர். படை 1990 மார்ச்சில் திரும்பிற்று. 1991 மே 21-ஆம் நாள் ஸ்ரீபெரும்புதூரில் இராஜீவ் காந்தி கொல்லப்பட்டார்.

அக்காலத்தின் சுவடுகள் நம் கரையிலேயே உள்ளன. 1988-இல் இராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் செய்த உடன்பாட்டின் விளைவு கூடங்குளம் அணுமின் நிலையம். நீர்மூழ்கிக் கப்பல்களோடு தொடர்பு கொள்ளும் கடற்படை நிலையம் 1990 முதல் விஜயநாராயணத்தில் இயங்குகிறது. இப்போது குலசேகரன்பட்டினத்து ஏவுதளம். முத்துக்கும் உப்புக்கும் பனைக்கும் பெயர்பெற்ற கரை, நாடுகளின் போட்டியில் ஒரு முன்னணிக் கரையாகிவிட்டது.

7. அம்பாந்தோட்டையும் இன்றைய நிலையும்

இலங்கையின் தென்கோடியில் சீனக் கடனுதவியால் கட்டப்பட்ட அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2010-இல் திறக்கப்பட்டது; 2017-இல் அது 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனம் ஒன்றிடம் விடப்பட்டது. 2022-இல் இலங்கை கடனைத் திருப்பித் தரமுடியாத நிலைக்கு வந்து, உணவும் எரிபொருளுமின்றித் தவித்தபோது, இந்தியா ஏறத்தாழ 400 கோடி டாலர் அளவுக்கு உதவிற்று. அவ்வாண்டு ஆகஸ்டிலேயே, செயற்கைக்கோள்களையும் ஏவுகணைகளையும் கண்காணிக்க வல்ல 'யுவான் வாங் 5' என்னும் சீனக் கப்பல் அம்பாந்தோட்டைக்கு வந்தது. நம் சபையாரின் கேள்வி எழுவது இங்கேதான்.

முன்னே கண்டவற்றின் ஒளியில் விடை தெளிவாகிறது. கடன்பட்ட சிறு நாடு, கடன் கொடுத்தவருக்குக் கதவை அடைக்க இயலாது; ஒரே ஒருவரைச் சார்ந்திருக்கவும் விரும்பாது. இந்தியாவின் கலக்கமும் போலியன்று. தன் ஏவுதளங்களும் அணு நிலையங்களும் உள்ள கரைக்கு அருகே வரும் கண்காணிப்புக் கப்பலை எந்நாடும் அலட்சியம் செய்யாது. இரு அச்சங்களும் உண்மையானவை. ஒன்றன் அச்சத்தைத் தணிக்கும் செயல் மற்றொன்றன் அச்சத்தை வளர்க்கிறது என்பதே சிக்கல்.

ஆயினும் அச்சம் மாறாத ஒன்றன்று. மக்கள் விடுதலை முன்னணி தன் தொடக்க நாள்களில் உறுப்பினருக்கு நடத்திய ஐந்து வகுப்புகளுள் ஒன்று, 'இந்திய விரிவாக்கம்' என்னும் அபாயத்தைப் பற்றியது. அதே இயக்கத்தில் வளர்ந்த அநுர குமார திசாநாயக்கா, 2024 செப்டம்பரில் குடியரசுத் தலைவரானபின், முதல் அயல்நாட்டுப் பயணமாக டிசம்பரில் டில்லிக்கு வந்தார். தம் நாட்டு மண் இந்தியாவுக்கு எதிராகப் பயன்பட விடோம் என்று உறுதி கூறினார்.

8. திருச்சபையின் நிலை

இவ்வரலாற்றில் திருச்சபை வெறும் பார்வையாளர் அன்று. 1854-இல் தொடங்கிய 'தமிழ்க் கூலி மிஷன்' பணியில், திருநெல்வேலியிலிருந்து சென்ற உபதேசியார்கள் இலங்கைத் தோட்டங்களில் ஊழியம் செய்தனர். 1947 செப்டம்பர் 27-ஆம் நாள் உருவான தென்னிந்தியத் திருச்சபையில், தொடக்கம் முதலே யாழ்ப்பாண ஆதீனமும் ஓர் அங்கம். அரசுகள் பிரிந்து தனித்தனியே கொடியேற்றிய அதே காலத்தில், ஒரு திருச்சபை கடலைக் கடந்து ஒரே உடலாக நின்றது. பாண்டுங் மாநாட்டுக்கு இரண்டாண்டுகளுக்குப்பின், 1957-இல், இந்தோனேசியாவின் பிராபாட் நகரில் கூடிய ஆசியத் திருச்சபைகள் தமக்கென ஒரு பேரவையை அமைக்கத் துணிந்தன; அதன் முதற் பொதுச்செயலர் இலங்கைத் தமிழரான டி. டி. நைல்ஸ். 1983 ஜூலைக்குப்பின், குருநாகல் பேராயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க, தாமும் ஒரு சிங்களராக நின்று, தம் இனத்தார் செய்த தீமைக்கு வெட்கமுற்றுத் தமிழரிடம் மன்னிப்புக் கோரும் ஆயர் மடலைத் தந்தார். சில வாரங்களிலேயே அவர் மறைந்தார். நம் இறையியல் மாணவர் அம்மடலை அறிந்திருத்தல் வேண்டும்.

ஏசாயா 7-ஆம் அதிகாரத்தில் நாம் காணும் ஆகாஸ் அரசனின் நிலை இதற்கு மிக நெருங்கியது. அண்டை அரசர் இருவருக்கு அஞ்சிய சிறு நாட்டரசன், தொலைவிலிருந்த அசீரியாவைத் துணைக்கு அழைத்தான். கேட்ட துணை கிடைத்தது. கொடுத்த விலையோ ஆலயத்தின் வெள்ளியும் பொன்னும், பின்னர் நாட்டின் உரிமையுமாயிற்று. தீர்க்கர் அவனுடைய அச்சத்தை ஏளனம் செய்யவில்லை. அச்சம் ஒரு நாட்டின் கொள்கையாகிவிடக் கூடாது என்றே எச்சரித்தார். அதே நூலின் 19-ஆம் அதிகார இறுதியில், பகைவரான எகிப்துக்கும் அசீரியாவுக்கும் இடையே ஒரு பெருவழி அமையும் காட்சி உள்ளது. நடுவிலிருக்கும் சிறு இனம் அங்கே இரையாகாமல் ஆசியாகிறது.

இதனின்று ஆயருக்குரிய கடமைகள் சில தெளிவாகின்றன. முதலாவது, அண்டை நாட்டவரை ஒரே சொல்லால் பகைவர் என்று கூறும் பேச்சு நம் மேடைகளில் எழலாகாது. அவர்களது அச்சத்தையும் எடுத்துரைக்கும் அறிவு நமக்கு வேண்டும். இரண்டாவது, 1983 முதல் தமிழ்நாட்டுக்கு வந்த 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஏதிலிகளுள் எஞ்சியோர் இன்றும் மறுவாழ்வு முகாம்களில் உள்ளனர். இங்கேயே பிறந்து மணமுடித்துப் பிள்ளை பெற்றும் குடியுரிமை அற்றோர் அவர்களுள் பலர். 2019-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டமும் அவர்களைச் சேர்க்கவில்லை. மலையக மக்களை அரை நூற்றாண்டு நாடற்றவராக வைத்ததற்காக இலங்கையைக் குறைகூறும் நாம், நம் மாவட்டத்திலேயே அதே நிலையைக் காண்கிறோம். மூன்றாவது, ஏவுதளத்தால் நாட்டுக்கு வரும் நன்மையை மகிழ்ந்து ஏற்கும்போதே, நிலம் கொடுத்தவரும், ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குச் செல்லலாகாது என்று நிறுத்தப்படும் மீனவரும் அதற்கு என்ன விலை கொடுக்கின்றனர் என்று கேட்கவேண்டும்.

9. முடிவுரை

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே செல்லும் ராக்கெட், எரிபொருள் இழப்பைப் பாராமல், இலங்கையைச் சுற்றி வளைந்து சென்றது. இரு நாடுகளின் உறவு சீராயிருந்த நாளிலும் சீர்கெட்ட நாளிலும் அது அவ்வாறே சென்றது. கீழே இருப்போர் தலைமேல் ஒன்றும் விழலாகாது என்பதே விதி. வானத்தில் நம் அறிவியலர் கடைப்பிடித்த அந்த விதியை, ஒப்பந்தம் எழுதியவர்கள் தரையிலும் கடலிலும் கடைப்பிடித்ததில்லை. 1964-லும் 1976-லும் 1987-லும் கழன்று விழுந்த பாகங்கள் தோட்டத் தொழிலாளிமீதும் மீனவன்மீதும் ஈழத்து ஏழைமீதும் விழுந்தன.

அடுத்த ஒப்பந்தம் எழுதப்படும்போது, அது கச்சத்தீவைப் பற்றியதாயினும் மீன்பிடியைப் பற்றியதாயினும் ஏதிலிகளின் குடியுரிமையைப் பற்றியதாயினும், "இவர்களைக் கேட்டீர்களா?" என்று இரு தலைநகரங்களையும் வினவும் குரல் ஒன்று வேண்டும். கடலின் இருபுறமும் சபைகளையுடைய நமக்கு அக்குரலை எழுப்பும் வாய்ப்பு உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் ஒரே நேரத்தில், ஒரே சொற்களில் அது எழுமானால், அதனை ஒரு நாட்டின் குரல் என்று எவரும் தள்ளிவிட இயலாது.